அதிரனலின் அளவு சரியாக இருந்தும் 24 மணி நேரச் சிறுநீரை ஏன் கேட்கிறார்கள்?

உங்கள் அம்மாவுக்கு இடைக்கிடை தலையிடி, வியர்வை, நெஞ்சுப் படபடப்போடு பிரஷர் ஏறுகிறது என்றும், ஒரு முறை இரத்தத்தில் பார்த்த அதிரனலின் சரியாக இருந்தும் இப்போது சிறுநீரில் மெட்டாநெப்ரின் பார்க்கச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பில் பல வருடங்கள் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன். என் அக்காவுக்கும் இதே பரிசோதனை செய்ய நேர்ந்தது.

வைத்தியர் சந்தேகிப்பது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அதிரனல் சுரப்பியில் அரிதாக வரும் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியை. அது அதிரனலின், நோரதிரனலின் என்ற ஹோர்மோன்களை இடைக்கிடை வெளியேற்றும். அவை சில நிமிடங்களிலேயே இரத்தத்திலிருந்து மறைந்துவிடுவதால், படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் அதே கட்டியின் கலங்களுக்குள் இருக்கும் ஒரு நொதியம் அவற்றை மெட்டாநெப்ரினாகவும் நோர்மெட்டாநெப்ரினாகவும் மாற்றிக்கொண்டே இருக்கிறது, அவை இரவு பகலாகக் கசிந்துகொண்டும் இருக்கின்றன. அதனால்தான் இந்த ஹோர்மோன்கள் சிதைந்து கடைசியில் வரும் பொருளைச் சிறுநீரில் பார்க்கும், முன்பு அதிகம் செய்யப்பட்ட வி.எம்.ஏ. பரிசோதனையை விட இது கட்டியைத் தவறவிடுவது குறைவு.

இதை இரத்தத்திலும் பார்க்கலாம். ஆனால் கல்லடிப் பாலம் தாண்டி வெயிலில் வந்து வாங்கில் அமர்ந்தவுடன் ஊசி குத்தினால் நோர்மெட்டாநெப்ரின் பொய்யாகக் கூடிக் காட்டும். 20 முதல் 30 நிமிடம் மல்லாந்து படுத்திருந்த பின்னரே எடுக்க வேண்டும். எடுத்த இரத்தத்தைக் குளிரில் வைத்து உடனே பிரிக்கவும் வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் சிறுநீரே நம்பகமானது என்பது என் கருத்து.

அதன் முழுப் பலனும் சேகரிப்பில்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை ஆய்வுகூடம் தரும் கலனில் சேர்க்காமல் விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின் போகும் ஒவ்வொரு துளியையும், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் உட்பட, கலனில் சேர்க்க வேண்டும். கலனுக்குள் இருப்பது அமிலம், அதை ஊற்றிவிடாதீர்கள். வேறு பாத்திரத்தில் பிடித்து, தெறிக்காமல் ஊற்றுங்கள். எங்கள் அக்கா சேகரித்த நாள் ஆடி அமாவாசை. மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய்வந்த அரை நாளில் போன சிறுநீர் கலனுக்கு வரவில்லை, வெட்கத்தில் அவ எங்களுக்குச் சொல்லவுமில்லை. கூடவே பார்த்த கிரியேட்டினின், அதாவது ஒருவரின் சிறுநீரில் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரே அளவில் போகும் கழிவு, மிகக் குறைவாக இருந்ததால்தான் சேகரிப்பு முழுமையில்லை என்று தெரிந்து, மீண்டும் செய்தோம். உங்கள் அறிக்கையிலும் கிரியேட்டினின் இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மா குடிக்கும் மருந்துகள் அனைத்தையும் எழுதிக் கொடுங்கள். கால் எரிவுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் அளவைக் கூட்டும். சில ஆய்வுமுறைகளில் பனடோலும் குழப்பும். ஆனால் வைத்தியரைக் கேளாமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

சற்றே கூடியிருந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் மருந்தோ மன அழுத்தமோ வேறு நோயோதான் காரணமாக இருக்கும். அப்போது மீண்டும் செய்வார்கள், அல்லது பிரஷரைக் குறைக்கும் குளோனிடின் மருந்தைக் கொடுத்து இரத்தத்தில் நோர்மெட்டாநெப்ரின் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சரியான அளவின் மேல் எல்லையைப் போல மூன்று நான்கு மடங்கு என்றால்தான் கட்டி இருக்க வாய்ப்பு மிக அதிகம். சி.டி. ஸ்கேன் அதற்குப் பிறகே வரவேண்டும், ஏனெனில் தீங்கற்ற சிறு கட்டிகள் பலரது அதிரனலில் சும்மாவே இருக்கின்றன.

அக்காவுக்கு இரண்டாம் முறை ஐந்து மடங்கு வந்தது. சத்திரசிகிச்சை முடிந்தும் அவ வருடத்துக்கொரு தடவை அந்தக் கலனை வாங்கி வருகிறா. அன்று வீட்டை விட்டு எங்கும் போவதில்லை.