அக்கவுன்ட்டை மூடும் முன் அந்த இரண்டு செக்கை வாங்குங்கள்

கேள்வி: திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளம் 29,000 ரூபாய். 8-ந் தேதிக்கு மேல்தான் வரும். எனக்குத் தனியார் பள்ளியில் 13,000, அது 1-ந் தேதியே வந்துவிடும். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பர்சனல் லோன் தவணை 7,400. பைக் தவணை 2,900, அதில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. கிரெடிட் கார்டில் 62,000 நிற்கிறது. மாதம் 3,100 மினிமம் மட்டும் கட்டுகிறோம். தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியிருக்கிறோம். அதற்கு புரோநோட்டும், கையெழுத்துப் போட்ட இரண்டு வெற்றுச் செக்கும் கொடுத்திருக்கிறோம். என் ஐந்து பவுன் நகை பேங்கில் 1,20,000-க்கு அடகில் இருக்கிறது. வாடகை 8,500.

கணவர் பழைய கம்பெனியில் இருந்தபோது தொடங்கிய சம்பளக் கணக்கில்தான் இன்னும் எல்லாத் தவணையும் போகிறது. தவணைத் தேதி 3, 5. மூன்று மாதமாக இரண்டு தவணையும் திரும்பி, ஒவ்வொரு தடவையும் 590 ரூபாய் பிடித்துவிட்டார்கள். மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வேறு தனியாகப் பிடிக்கிறார்கள். வேறு பேங்குக்கு மாறிவிடலாமா? கணவரின் நண்பர், "சம்பளத்தை வேற அக்கவுன்ட்ல வாங்கிக்கோ, பழசை அப்படியே போட்டுடு, யாரும் எதுவும் பிடிக்க முடியாது" என்கிறார். எந்தக் கடனை முதலில் அடைப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த நண்பரின் யோசனையை இன்றைக்கே மறந்துவிடச் சொல்லுங்கள். தவணையைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதி, சட்டத்தின் பார்வையில் செக் மாதிரிதான். பணமில்லாமல் அது திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டம் 25-வது பிரிவில் வழக்குப் போடலாம். செக் பவுன்ஸ் வழக்குக்கு உள்ள அதே தண்டனை: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு பைக் தவணைக்காக யாரும் நாளைக்கே கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் உங்கள் சிபில் அறிக்கையில் அது ஒவ்வொரு மாதமும் பதிவாகும். கடன் கொடுத்த கம்பெனியும் தன் பங்குக்கு ஓர் அபராதம் போடும்.

பேங்க் மாறலாம், மாறத்தான் வேண்டும். ஆனால் உங்கள் தவணை திரும்புவதற்குக் காரணம் பேங்க் இல்லை, தேதி. 3-ந் தேதி போக வேண்டிய பணம் 8-ந் தேதி வருகிறது. இந்த நிலையில் எந்த பேங்குக்குப் போனாலும் அங்கேயும் திரும்பத்தான் செய்யும். இதற்கான மருந்து உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: உங்கள் சம்பளம் 1-ந் தேதி வருகிறது. இரண்டு தவணையும் சேர்த்து 10,300. வரும் 1-ந் தேதி அந்த 10,300-ஐ உங்கள் கணக்கிலிருந்து கணவரின் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மினிமம் பேலன்ஸ் அபராதம் ஏதாவது பாக்கி நின்றால், பணம் விழுந்ததும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். நூறு ரூபாய் குறைந்தாலும் தவணை மறுபடி திரும்பிவிடும். கிளையில் கேட்டு, அந்தத் தொகையையும் சேர்த்துப் போடுங்கள்.

கையில் மிஞ்சும் 2,700-இல் முதல் வாரத்தை ஓட்ட வேண்டும். முதல் தடவை இறுக்கமாகத்தான் இருக்கும், மளிகைக் கடையில் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லலாம். 8-ந் தேதிக்குப் பிறகு வாடகையும் வீட்டுச் செலவும் கணவரின் சம்பளத்தில். இதற்கு எந்தப் படிவமும் தேவையில்லை, மாதம் 1,180 ரூபாய் அபராதம் அன்றைக்கே நிற்கும். தவணைத் தேதியை 10-க்கு மேல் தள்ளித் தரும்படி இரண்டு கடன் கம்பெனிகளுக்கும் எழுதிக் கேளுங்கள். சில கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொண்டால் லாபம், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

இனி அந்த மினிமம் பேலன்ஸ் விஷயம். சம்பளக் கணக்கில் சில மாதங்கள் சம்பளம் விழவில்லை என்றால் பேங்க் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். அதுவரை ஜீரோ பேலன்ஸாக இருந்ததற்கு அப்புறம் பத்தாயிரம் வைக்கச் சொல்வார்கள். இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தந்த பிறகே அபராதம் போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2014-இல் சொன்ன விதி. அபராதத்தால் கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. அப்படி எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வந்ததா என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் ஸ்டேட்மென்ட்டோடு கிளைக்குப் போய், பிடித்ததைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். 14448-இல் விவரம் கேட்டுக்கொள்ளலாம். தவணை திரும்பியதற்குப் பிடித்த 590 திரும்பக் கிடைக்காது, அதற்கு அலையாதீர்கள்.

புதுக் கணக்கை எங்கே தொடங்குவது? ஸ்டேட் பேங்க் 2020-லேயே சாதாரண சேமிப்புக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸை எடுத்துவிட்டது. கனரா பேங்க், இந்தியன் பேங்க் போன்றவை 2025-இல் எடுத்தன. வீட்டுப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் தொடங்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: கிரெடிட் கார்டும் பர்சனல் லோனும் கொடுத்த பேங்கில் சம்பளக் கணக்கு வேண்டாம். கார்டு பாக்கி இழுத்துக்கொண்டு போனால், அதே பேங்கில் இருக்கும் உங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்திலேயே அனுமதி இருக்கும். அரிசி வாங்க வைத்த பணம் ஒரு நாள் காலையில் காணாமல் போகும்.

புதுக் கணக்கு வந்ததும் இரண்டு கடன் கம்பெனிக்கும் புதிய அனுமதிப் படிவம் கொடுங்கள். பேங்க் ஆட்கள் நாச் என்பார்கள், ஊரில் இன்னும் இசிஎஸ் என்றால்தான் புரியும். அது பதிவாகச் சில வாரம் ஆகும். பதிவாகிவிட்டது என்று போனில் சொல்வதை நம்பிப் பழைய கணக்கைக் காலி செய்துவிடாதீர்கள். புதுக் கணக்கிலிருந்து ஒரு தவணை நிஜமாகவே போகிற வரை 1-ந் தேதிப் பணம் பழையதில்தான் விழ வேண்டும்.

அடுத்து, என்னை உறுத்துகிற விஷயம். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு வெற்றுச் செக். அவை இந்தப் பழைய கணக்கின் செக்குகள்தானே? கணக்கை மூடிவிட்டால் அவை செல்லாத தாளாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 'கணக்கு மூடப்பட்டது' என்று செக் திரும்பினாலும் அது செக் பவுன்ஸ் குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்து உங்கள் கணவருடையதாக இருந்து, தொகையை வேறு யாராவது எழுதிக்கொண்டால்? அப்போதும் கடன் எவ்வளவு என்று நிரூபிக்கிற பாரம் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும். கடன் கொடுத்தவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். அவருக்குப் பின்னால் அந்தப் பீரோவைத் திறக்கப் போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது.

ஆகவே, மூடும் முன் அவரிடம் நேரில் போங்கள். "பேங்க் மாத்துறோம்ண்ணா, இந்தச் செக் இனி பாஸாகாது, குடுத்துடுங்க" என்று நேராகவே சொல்லலாம். புரோநோட்டு அவரிடம் இருக்கிறது, அவருக்கு அதுவே போதும். பதிலுக்குச் செக் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், புதுக் கணக்கில் ஒன்று மட்டும், தொகையும் பெயரும் எழுதிக் கொடுங்கள். வெற்றாக வேண்டாம். கொடுத்த செக்கின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கடனுக்கு வருவோம். எல்லாக் கடனையும் ஒரே கணக்கில் நிறுத்திப் பார்க்க, நம் ஊர் வட்டியையே அளவாக வைத்துக்கொள்வோம். ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு, வருடத்துக்கு 24 சதவீதம். கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதாவது நாலு வட்டிக்கு மேல்! தெருவில் ஒருவர் நாலு வட்டி கேட்டால் எழுந்து வந்துவிடுவோம், அதையே ஏசி அறையில் கேட்டால் கையெழுத்துப் போடுகிறோம். உங்கள் 62,000-க்கு மாத வட்டி 2,170, ஜிஎஸ்டி 390, ஆக 2,560. நீங்கள் கட்டும் 3,100-இல் அசலுக்குப் போவது 540 ரூபாய். இடையில் அந்தக் கார்டிலேயே மளிகை வாங்கினால் அதுவும் இல்லை. பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

முதலில் அடைக்க வேண்டியது கார்டைத்தான். அதை உங்கள் நகையே அடைக்கும். வழக்கமாக நகையின் மேல் கூடுதல் கடன் வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. உங்கள் விஷயத்தில் சொல்கிறேன். தங்கம் ஏறியிருக்கிற விலைக்கு ஐந்து பவுனின் மேல் 1,20,000 என்பது குறைவான கடன். இன்னும் 62,000 கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பேங்க் நகைக்கடன் வட்டி வருடம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 2,560 வட்டி போன இடத்தில் 520 போகும். ஆனால் பணம் வந்த அன்றே கார்டு பாக்கி முழுதும் கட்டப்பட வேண்டும், கார்டு ரத்தாக வேண்டும். கார்டை உயிரோடு விட்டுவிட்டு இதைச் செய்தால் அடுத்த தீபாவளிக்கு நகைக்கடனும் இருக்கும், கார்டு கடனும் இருக்கும். இன்னொன்று: கூடுதல் கடனுக்குப் பழைய கடனை முழுதாகக் கட்டி நகையை மீட்டு மறுபடி வைக்கச் சொல்கிற கிளைகள் உண்டு. அந்த ஒரு நாளுக்கு 1,20,000 புரட்டித் தருகிறோம் என்று கமிஷன் கேட்டு வாசலிலேயே ஆள் நிற்பார். போகும் முன்பே மேனேஜரிடம் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டு ஒழிந்தால் மாதம் 3,100 விடுபடும். அதில் 520 நகை வட்டிக்கு ஒதுக்கிவிட்டு மீதியை ரெண்டு வட்டிக் கடனின் அசலுக்குச் சேருங்கள். பத்தாயிரம் சேர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போதெல்லாம் புரோநோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு வரவு எழுதச் சொல்லி, அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடுமானால் பேங்க் மூலமாகவே அனுப்புங்கள். ஏழு மாதம் கழித்து பைக் தவணை முடியும்போது அந்த 2,900-மும் இதே கடனுக்கு. பர்சனல் லோன் அதன் போக்கில் போகட்டும். அதை முன்கூட்டி அடைத்தால் பெரும்பாலும் அபராதம் கேட்பார்கள், அவசரமில்லை.

பட்ஜெட் என்று நீங்கள் அனுப்பிய கணக்கில் பால், மளிகை, பெட்ரோல் எல்லாம் இருக்கிறது, வாடகையும் கடனும் போக மிஞ்சும் 18,100-க்குள் சரியாகவும் வருகிறது. அப்படியானால் கார்டில் 62,000 எப்படி ஏறியது? ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, நகை வட்டி, பைக் இன்ஷூரன்ஸ், மொய் எதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை. கொங்கு நாட்டில் வைகாசி, ஆவணியில் எத்தனை பத்திரிகை வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் இவற்றுக்கு ஆனதைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். வருடம் 48,000 என்றால் மாதம் 4,000. அந்தத் தொகைக்கு உங்கள் பேங்கில் ஓர் ஆர்டி போடுங்கள், தேதி 10. இவ்வளவு முடியாது என்றால், குறைய வேண்டியது பால் இல்லை, மொய். 1,000 எழுதுகிற இடத்தில் 500 எழுதுங்கள். யாராவது பேசினால் பேசட்டும். நகைக்கடை, துணிக்கடை நடத்துகிற தீபாவளிச் சீட்டில் மட்டும் இந்தப் பணத்தைப் போடாதீர்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்ற வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. புதுக் கணக்கு தொடங்கும் படிவத்தில், அரசு உதவித் தொகையை இந்தக் கணக்கில் பெற ஆதாரை இணைக்கச் சம்மதமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்தால் மகளிர் உரிமைத் தொகை, காஸ் மானியம் போன்ற ஆதார் வழிப் பணம் புதுக் கணக்குக்குப் போக ஆரம்பிக்கும். பணம் வரவில்லை என்று தேடுகிற பலருக்கு அது இன்னொரு கணக்கில் பத்திரமாக விழுந்துகொண்டிருக்கும்.

பழைய கணக்கை மூடும்போது மீதி செக் தாள்களையும் டெபிட் கார்டையும் ஒப்படைத்து, மூடியதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். கிரெடிட் கார்டை ரத்து செய்வதையும் போனில் மட்டும் சொல்லி விடாமல் மெயிலில் எழுதுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும்; தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. மெயிலிலேயே அந்த விதியை ஒரு வரி குறிப்பிடுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.