சீர்ஷா – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் டப்ளினில் இருக்கிறான். மருமகள் ஐரிஷ் பெண். பேத்திக்கு ‘சீர்ஷா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விடுதலை என்று பொருளாம். ஏதாவது ஐரிஷ் புராணத்தில் வருகிறதா? Saoirse என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ‘சவோயிர்சே’ என்றுதான் எனக்குப் படிக்க வருகிறது. ஸ்பெல்லிங்கை மாற்றச் சொல்லலாமா? நியூமராலஜிக்கும் ஒத்துவரவில்லை.

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

பேத்திக்கு என் அன்பு. நியூமராலஜியை விட்டுத்தள்ளுங்கள். புராணப் பெயரும் இல்லை, புனிதர் பெயரும் இல்லை. சொல் பழையது, ஆனால் அதைப் பெண்குழந்தைக்கு வைப்பது இருபதாம் நூற்றாண்டு வழக்கம். 1922இல் அமைந்த ஐரிஷ் சுதந்திர அரசின் ஐரிஷ் பெயரிலும் இதே வேர்தான் இருக்கிறது.

ஆனால் ஸ்பெல்லிங்கை மாற்றுவதா? கொஞ்ச நாளாக, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 டப்ளின் எழுச்சியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கோபமாகவே சொல்கிறேன், கூடவே கூடாது. அது ஐரிஷ் மொழி அம்மா, ஆங்கிலமாகப் படித்தால் எப்படி வாயில் வரும்? அதற்கென்று விதி இருக்கிறது. எஸ் எழுத்தை ஒட்டி ஏ, ஓ, யூ இருந்தால் ‘ஸ’, ஈ, ஐ இருந்தால் ‘ஷ’. நடுவே ஏ-ஓ-ஐ சேர்ந்து வந்தால் ‘ஈ’. அவ்வளவுதான்.

1831இல் தொடங்கிய அரசுப் பள்ளிகளில் பாடமெல்லாம் ஆங்கிலம். ஐரிஷில் பேசும் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, பேசப் பேச அதில் வெட்டு போட்டு, வெட்டை எண்ணி அடித்திருக்கிறார்கள். பதிவேடுகளில் பெயர்கள் ஆங்கிலமாயின, அப்புறம் ஜனங்களே தங்கள் பெயரைச் சொல்லக் கூசினார்கள். அதைத்தான் 1892இல் டக்ளஸ் ஹைட் என்ற ஐரிஷ் அறிஞர் டப்ளினில் ஓர் உரையில் கண்டித்தார். மறுவருடம் ஐரிஷ் மொழியை மீட்பதற்கான கேலிக் லீக் என்ற அமைப்பு பிறந்தது. அதில் சேர்ந்தவர்களில் எட்வர்ட் கென்ட் என்று ஒருவர், அப்பா பிரிட்டிஷ் ஆட்சியின் போலீஸ்காரர், இவருக்கு டப்ளின் மாநகராட்சியில் குமாஸ்தா வேலை. ஐரிஷ் கற்றுக்கொண்டு ஏமன் கியான்ட் ஆனார். 1916 விடுதலைப் பிரகடனத்தில் இருப்பது அந்த ஐரிஷ் பெயர்தான், ஐரிஷ் ஸ்பெல்லிங்கில்தான். அந்த எழுச்சிக்காக மே 8 அன்று பிரிட்டிஷார் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இப்படி மீட்ட எழுத்தை நாம் வாய்க்குச் சுலபமாக இல்லை என்று வெட்டச் சொல்வதா?

ஊருக்கு ஊர் சீர்ஷா, சர்ஷா, சேர்ஷா என்று கொஞ்சம் மாறும். மருமகள் எப்படிக் கூப்பிடுகிறாள் என்று போனில் கேட்டு, அப்படியே கூப்பிடுங்கள். வீட்டில் செல்லப்பெயர் வைப்பதை யார் தடுக்கப்போகிறார்கள்?