மாவு பாக்கெட்டும் ஆளுமைத் தேர்வும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரியில் இந்தப் பருவம் தொழில்முனைவு ஒரு பாடம். முதல் வகுப்பிலேயே ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். எனக்குக் கூச்சம் அதிகம், துணிச்சல் குறைவு என்று வந்தது. அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். படிப்பு முடிந்ததும் அதைப் பெரிதாகச் செய்ய நினைத்திருந்தேன். இப்போது அந்த ஆசையே போய்விட்டது. இதெல்லாம் படித்து வருவதா, கூடவே பிறப்பதா?

க.

அன்புள்ள க.,

அந்தத் தாளை ஓரமாக வையுங்கள். கூச்சமா? எங்கள் தெரு மளிகைக்காரர் நாளெல்லாம் பத்து வார்த்தை பேசமாட்டார். எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் என்ன வேண்டும் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி.

துணிச்சல் விஷயம் கொஞ்சம் பெரியது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் குழந்தைகளுக்கு வளையம் எறியும் விளையாட்டு வைத்தார். எங்கே நின்று எறிவது என்பது அவரவர் விருப்பம். சிலர் கம்பை ஒட்டி நின்றார்கள், சிலர் எட்டாத தூரத்தில். சாதிக்கும் ஊக்கம் மிகுந்த குழந்தைகளோ பெரும்பாலும் நடுத்தூரத்தில் நின்றார்கள். தவறலாம், முயன்றால் விழவும் செய்யும் தூரம் அது.

இந்த ஊக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று 1964இல் காக்கிநாடா வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய பத்தே நாள்தான். பயிற்சி பெறாதவர்களைவிட இவர்கள் பிறகு புது முயற்சிகளில் அதிகம் இறங்கினார்கள். ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில் செய்பவர்களை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. தானே முன்வந்து செய்யும் மனப்பான்மையைப் பழக்கியவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. கணக்கு, விற்பனை என்று வழக்கமான பாடம் படித்தவர்களுக்கு 11 சதவீதம்தான், அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சரி, பாடம் படித்து ஆசை குறைவதும் உண்டு. நெதர்லாந்தில் மாணவர்கள் குட்டி நிறுவனம் நடத்திப் பார்த்தார்கள். முடிவில் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது. அவர்கள் செய்து பார்த்துவிட்டு விட்டார்கள், அது நியாயம். உங்கள் ஆசை ஒரு கேள்வித்தாளால் போனது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அம்மாவிடம் கேட்டு தினம் பத்து பாக்கெட் கூடுதலாகப் போடுங்கள். பக்கத்துக் கடையில் வையுங்கள். எத்தனை விற்றது, எத்தனை புளித்துத் திரும்பியது என்று ஒரு மாதம் எழுதி வாருங்கள். அப்புறம் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.