மூன்று வருடக் கட்டாயச் சிறை போய்விட்டது, சரி. நாடுகடத்தல்?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது, குடியுரிமை எடுக்கவில்லை. அவன் காரில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி இருந்ததாக ரொறன்ரோ பொலிஸ் வழக்குப் போட்டிருக்கிறது. “இப்போது கட்டாயச் சிறை இல்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டால் வீட்டுக்காவலோடு முடிந்துவிடும், மிச்சத்தை நான் பார்க்கிறேன்” என்று ஒரு குடிவரவு ஆலோசகர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை, ஆபத்தே அந்தப் பாதியில்தான்.

இந்தக் குற்றத்துக்கான மூன்று வருடக் கட்டாயத் தண்டனையை 2015 இல் நூர் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2022 நவம்பரில் சி-5 என்ற குற்றவியல் சட்டத் திருத்தம் அதைச் சட்டப் புத்தகத்திலிருந்தும் நீக்கியது. ஆனால் அதே நூருக்கு விதித்த 40 மாதச் சிறையை நீதிமன்றம் அப்படியே விட்டது. ஓடும்போது துப்பாக்கியை ஒரு காருக்கடியில் எறிந்த 19 வயதுப் பையன் அவர். நீதிபதியின் கைக்கட்டு அவிழ்ந்தது, அவ்வளவுதான். வீட்டுக்காவல் கேட்கலாம். தண்டனை இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் அதுவும்.

ஆலோசகர் சொல்லாத பாதிக்கு வருவோம். குடிவரவுச் சட்டம் முதலில் பார்ப்பது மகன் எத்தனை நாள் உள்ளே இருந்தான் என்பதை அல்ல, அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை. பத்து வருடமோ அதற்கு மேலோ என்றால் போதும், நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கலாம். இந்தக் குற்றம் அதற்குள் வருகிறது. அரச தரப்பு இலகுவான நடைமுறையில் வழக்கை நடத்தினாலும் தப்ப முடியாது. குடிவரவுச் சட்டம் அதைப் பெரிய வழக்காகவே எண்ணும்.

தண்டனையின் நீளம் அதற்குப் பிறகுதான் வருகிறது. சிறை ஆறு மாதமோ கூடவோ என்றால், நாடுகடத்தல் உத்தரவை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமை போய்விடும். சரியாக ஆறு மாதம் என்றாலும் போய்விடும். ஒரு நாள் குறைந்தால் இருக்கும். தீர்ப்புக்கு முன் மறியலில் கழித்த நாட்களையும் சேர்த்தே எண்ணுவார்கள். வீட்டுக்காவல் சிறைத்தண்டனை ஆகாது என்று 2017 இல் ட்ரான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வீட்டுக்காவல் மேன்முறையீட்டு உரிமையைக் காப்பாற்றலாம், நாடுகடத்தும் உத்தரவைத் தடுக்காது. இந்த வித்தியாசத்தை மறைத்துத்தான் பலர் சம்பாதிக்கிறார்கள்.

குற்றவியல் சட்டத்தைத் திருத்தியவர்கள் பக்கத்து அலமாரியில் இருந்த குடிவரவுச் சட்டத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. சீர்திருத்தம் என்று அறிவித்தார்கள், குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்கு அது பாதிதான் வந்து சேர்ந்தது.

குடிவரவு விளைவுகளையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம் என்று 2013 இல் பாம் (Pham) என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காகத் தகாத தண்டனை கொடுக்க முடியாது. ஆனால் ஆறு மாதமா, ஒரு நாள் குறைவா என்ற இடத்தில் அது உதவும். அதை யாராவது எழுந்து சொல்ல வேண்டுமே! குடிவரவு ஆலோசகரால் குற்றவியல் நீதிமன்றத்தில் உங்கள் மகனுக்காக வாதாட முடியாது. குற்றவியல் சட்டத்தரணி ஒருவரைப் பிடியுங்கள். வசதி இல்லையென்றால் ஒன்ராறியோ சட்ட உதவிக்கு விண்ணப்பியுங்கள். குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரின் கருத்து எழுத்தில் கைக்கு வரும்வரை மகன் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.