மாதவிடாய் மாத்திரை தைராய்டைக் கெடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 34. தைராய்டு குறைவுக்கு வருடக்கணக்காக 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். டெஸ்ட் எப்போதும் சரியாகவே வரும். தீட்டு அதிகமாகப் போகிறது என்று மூன்று மாதம் முன்பு 21 மாத்திரை உள்ள அட்டை எழுதிக் கொடுத்தார்கள். போக்கு குறைந்தது. ஆனால் ஒரே அசதி, முடி கொட்டுகிறது, டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன்) 9-க்கு ஏறிவிட்டது. ‘அந்த மாத்திரைதான் கெடுத்தது, நிறுத்து’ என்கிறார் மாமியார். நிறுத்தலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. ஆனால் மாமியார் சொல்வதில் பாதி சரி.

முதலில் அட்டையின் பின்பக்கம் பாருங்கள். எத்தினைல் எஸ்ட்ராடையால் என்று இருந்தால் அது எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். புரோஜெஸ்ட்ரோன் வகை மட்டும் என்றால் நான் சொல்லப்போகும் கதை பொருந்தாது.

ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனான தைராக்சினில் (டி4) நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் புரதத்தில் ஒட்டிக்கொண்டுதான் போகிறது. ஓசூர் கம்பெனி பஸ் மாதிரி. ஆள் இறங்கினால்தான் வேலை நடக்கும். வாய்வழி எஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தொட்டதும் அந்தப் புரதம் ரத்தத்தில் பெருகுகிறது. பஸ் கூடக்கூட ஏறி உட்காருகிறவர்களும் கூடுகிறார்கள், இறங்குகிறவர்கள் குறைகிறார்கள். நல்ல சுரப்பி இன்னும் கொஞ்சம் சுரந்து சரிக்கட்டிவிடும். உங்களுடையதால் முடியாது, உடம்புக்குக் கிடைப்பது அந்த 75 மட்டும்தான். அதனால் டி.எஸ்.எச். ஏறுகிறது. மொத்த டி4 மட்டும் பார்த்தால் ‘நார்மல்’ என்று ஏமாற்றும், புரதத்தில் ஒட்டாமல் இருப்பதை மட்டும் அளக்கும் ஃப்ரீ டி4 கேளுங்கள். பெரும்பாலும் தைராய்டு மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

இதை அப்படியே விட்டாலும் வம்பு. சினைப்பையிலும் கர்ப்பப்பையின் உள்சவ்விலும் தைராய்டு ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அந்த ஹார்மோன் குறைந்தால் சிலருக்கு முட்டை வெளிவராது, புரோஜெஸ்ட்ரோனும் சுரக்காது. எஸ்ட்ரோஜன் தனியாகச் சவ்வை வளர்த்துக்கொண்டே போக, பிறகு அது கொட்டோ கொட்டென்று கொட்டும். எதற்காக அட்டை வாங்கினீர்களோ, அதே தொல்லை!

இன்னொன்று. போக்குக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருப்பார்களே? அதையும் தைராய்டு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அரை மணி கழித்துத்தான் காபி.

அளவை மாற்றி ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி டெஸ்ட். அட்டையை நிறுத்தும்போது ஏற்றிய அளவை இறக்க வேண்டிவரும். அப்போது தைராய்டு டாக்டரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.