ஓட்டியவர் பெயரை மாற்றாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. எல்.எல்.ஆர். எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. லைசென்ஸ் உள்ள என் மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் காரிலேயே பழக்கிக்கொண்டிருந்தார். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பும்போது சைக்கிளில் வந்த பெரியவர் மீது மோதி, அவருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. பழகுகிறவள்தானே, பொறுப்பு பக்கத்தில் இருந்தவருக்குத்தானே? “மாமாதான் ஓட்டினார் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடு, இன்சூரன்ஸ் சிக்கலில்லாமல் கிடைக்கும்” என்கிறார்கள் உறவினர்கள். அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: செய்யக் கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு எழுதிய நீங்கள், அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. அவரிடம் கடைசியில் வருகிறேன்.

ஸ்டியரிங் யார் கையில் இருந்ததோ அவர்தான் ஓட்டுநர். எல்.எல்.ஆர். என்பது பொதுச் சாலையில் பழகுவதற்கான அனுமதி. கவனம் குறைந்தால் மன்னிப்பு என்று அதில் எங்கும் இல்லை. எலும்பு முறிவைச் சட்டம் கொடுங்காயமாகவே கணக்கிடுகிறது. கவனக்குறைவால் அது நேர்ந்தது என்று நிரூபணமானால், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 125(பி) பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியவர் பழகுநரா, முப்பது வருட டிரைவரா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் 1971-ல் இதே கேள்வி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பழகிக்கொண்டிருந்த பெண் இடப்பக்கம் திருப்பிவிட்டு, ஸ்டியரிங்கை நேராக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டார். கார் நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோத, பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்தவரின் முழங்கால் சில்லு உடைந்தது. தேர்ந்த ஓட்டுநரிடம் எதிர்பார்க்கும் அதே கவனத்தைப் பழகுநரிடமும் எதிர்பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. வண்டியைக் கட்டுப்படுத்துவதில் பங்கு இருந்ததால், கற்றுக்கொடுத்தவருக்கு வந்த இழப்பீட்டில் பாதியைக் குறைத்தது. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் பொறுப்பை யாரும் அப்படியே அடுத்தவர் தோளில் ஏற்றிவிட முடியாது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் மைத்துனர் அந்த நேரத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தால் அது அவருடைய தவறு. உங்கள் மகளின் தவறு அதனால் கரைந்துவிடாது. இழப்பீடு என்று வரும்போது வண்டியின் உரிமையாளரான உங்களுக்கும் பொறுப்பு உண்டு.

இனி பெயர் மாற்றும் யோசனை. ஓட்டியது யார் என்று அடிபட்டவர் பார்த்திருக்கிறார். முனைக்கடையில் கேமரா இருக்கலாம். இன்சூரன்ஸ் விசாரணைக்கு வருபவர் காரின் கதவைத் திறந்ததும் டிரைவர் சீட்டைத்தான் பார்ப்பார். உங்கள் மகளின் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்த சீட்டில் மைத்துனரின் கால் மடங்குமா? பொய் வெளிப்பட்டால், அதிகாரியிடம் பொய்த் தகவல் கொடுத்ததற்கும் குற்றவாளியை மறைத்ததற்கும் தனி வழக்குகள், அதுவும் மைத்துனர் தலையில். போதாக்குறைக்கு, உண்மை சொன்னால் நிற்கக்கூடிய இன்சூரன்ஸை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

ஆம், எல்.எல்.ஆர். உள்ளவர் ஓட்டினாலும் இன்சூரன்ஸ் உண்டு. எல்.எல்.ஆரும் ஓட்டுநர் உரிமம்தான், அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியாக வேண்டும் என்று 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பாலிசியில் டிரைவர் பற்றிய பத்தியைப் படியுங்கள். எல்.எல்.ஆர். உள்ளவர் மத்திய மோட்டார் வாகன விதி 3-ஐப் பின்பற்றி ஓட்டலாம் என்று அதிலேயே இருக்கும். உங்கள் விவகாரம் நிற்பதும் விழுவதும் அந்த விதியில்தான்.

விதி 3 கேட்பவை இவை: எல்.எல்.ஆர். நடப்பில் இருக்க வேண்டும். அதன் ஆயுள் 6 மாதம், ஒரு நாள் தாண்டினாலும் அது வெறும் காகிதம். கூட இருப்பவரிடம் அதே வகை வண்டிக்கான லைசென்ஸ் இருக்க வேண்டும். பைக் லைசென்ஸை வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தால் செல்லாது. வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அவர் உட்கார வேண்டும். பின் சீட் கணக்கில் வராது. முன்னும் பின்னும் எல் போர்டு: 18 செ.மீ. சதுர வெள்ளைப் பரப்பில் 10 செ.மீ. உயரச் சிவப்பு எழுத்து. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் உங்கள் காரை ரிப்பேர் செய்யும் பணத்தை நிறுவனம் மறுக்கலாம். பல வழக்குகளில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கும்படி நிறுவனத்திடம் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 18 வயதுக்குக் கீழே காருக்கு எல்.எல்.ஆரே கிடையாது. அந்த வயதில் பிள்ளையிடம் சாவி கொடுத்து விபத்து நடந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு ஓட்டுநருக்கு மூன்று வேலை வைக்கிறது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். கூட்டம் அடிக்க வந்தாலோ, அவர் கையை மீறிய வேறு காரணம் இருந்தாலோ மட்டும் இதற்கு விலக்கு. போலீஸ் அங்கே இல்லையென்றால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 24 மணி நேரம் கடந்திருந்தாலும் இன்றைக்கே போங்கள், மகளையும் அழைத்துக்கொண்டு. புகார் ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்காமல் திரும்பாதீர்கள். நிறுவனத்துக்கான கடிதத்தில் பாலிசி எண், அது செல்லும் காலம், விபத்தின் தேதி, நேரம், இடம், அடிபட்டவர் விவரம் ஆகியவற்றோடு, ஓட்டியவர் என்ற இடத்தில் மகளின் பெயரும் எல்.எல்.ஆர். எண்ணும் இருக்கட்டும்.

காரை மெக்கானிக்கிடம் விடாதீர்கள். எம்.வி.ஐ., அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பிரேக்கைச் சோதித்து அறிக்கை தர வேண்டும். இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரும் பார்க்க வேண்டும். அதற்கு முன் பம்பரை மாற்றினால் சாட்சியத்தை அழித்ததாகவே படும்.

திருப்பத்தில் இது ஏன் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழகுநர் பயத்தில் கிளட்சை முழுதாக அமுக்கியபடியே திரும்புவார். என்ஜின் பிடிமானம் விட்டுப்போய், சரிவில் கார் தன் போக்கில் உருளும். பதறிய கால் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரில் விழும். சொந்தக் காரில் பக்கத்தில் இருப்பவருக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அதை வெடுக்கென்று இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி வழுக்கும். பட்டனை அமுக்கிப் பிடித்தபடி படிப்படியாக இழுக்க வேண்டும். இது தெரிந்தவர்கள் குறைவு. டிரைவிங் ஸ்கூல் காரில் இடப்பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்கும். கிளட்ச் பழகும்வரை உங்கள் மகளுக்கு அந்தக் கார் போதும்.

இனி அந்தப் பெரியவர். கையில் ஏதோ தொகையைத் திணித்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டாம். முறிந்த எலும்பு கூடாமல் போய் மறுபடி ஆபரேஷன் வரலாம். அந்தத் தாளால் அவருடைய இழப்பீட்டு உரிமையும் போய்விடாது. அவசரச் செலவுக்கு உதவுங்கள், அது வேறு விஷயம். தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அது அவருக்குக் கிடைத்ததா என்று கேளுங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலும் உங்கள் பாலிசி விவரமும் அவருக்குத் தேவைப்படும். பாலிசி நகலை அவர் கேட்டு அனுப்பும்வரை காத்திருக்காமல், நீங்களே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.