ஏழாயிரம் ஆட்டம் ஆடியும் ரேட்டிங் ஏன் நகரவில்லை?

"இரண்டு வருடமாக இணையத்தில் செஸ் ஆடுகிறேன். தினமும் 5 நிமிட ஆட்டம் பத்தாவது ஆடிவிடுவேன். ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங் 1100-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. ஆறு மாதம் முன்பு ஒரு ஆன்லைன் செஸ் குழுவில் சேர்ந்தேன். ஒருவர் ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) படியுங்கள் என்கிறார், இன்னொருவர் பஸில் (சரியான நகர்வைக் கண்டுபிடிக்கும் புதிர்) போடுங்கள் என்கிறார். நான் எதைச் செய்வது?" வாசகர் ஒருவரின் கேள்வி இது.

நீங்கள் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏழாயிரம் ஆட்டம் வருகிறது. சின்ன உழைப்பு இல்லை. ஆனால் அதில் எத்தனை ஆட்டத்தை முடிந்த பிறகு திரும்பப் பார்த்தீர்கள்? தோற்றதும் அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்தினால், செய்த பிழை அப்படியே அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வரும். இப்போது குழு ஒன்று கிடைத்திருக்கிறது. ஆள் கிடைப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு உட்கார்ந்து பேசப் பயன்படுத்துங்கள். என் அனுபவத்தில் இதைவிட வேகமாக ஆட்டத்தை வளர்க்கும் வழி வேறு இல்லை.

வாரம் இரண்டு ஆட்டம் போதும். 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 வினாடி கூடுதல். முடிந்தவரை அதே மூன்று நான்கு பேரோடு ஆடுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு, என்ஜினை (நகர்வுகளை ஆராய்ந்து காட்டும் கணினி நிரல்) திறக்கும் முன், இரண்டு விஷயத்தை எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் அதிக நேரம் யோசித்தீர்கள், எதிராளியின் எந்த நகர்வு உங்களைத் திடுக்கிட வைத்தது. அப்புறம் அவரிடம் கேளுங்கள், அந்த இடத்தில் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று.

இது ஏன் முக்கியம் என்பதை ஒரு பழைய பொறியை வைத்துக் காட்டுகிறேன். நீங்கள் வெள்ளை. இருவரும் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறீர்கள். நீங்கள் ராஜா பக்கக் குதிரையை எடுத்துக் கறுப்புச் சிப்பாயைத் தாக்குகிறீர்கள். கறுப்பு தன் ராணி பக்கக் குதிரையை எடுத்து அதைக் காக்கிறது. நீங்கள் பிஷப்பை வெளியே கொண்டுவருகிறீர்கள். மூன்றாவது நகர்வில் கறுப்புக் குதிரை காவலை விட்டுவிட்டுப் பலகையின் நடுவுக்குத் தாவுகிறது. சிப்பாய் கேட்பாரற்று நிற்கிறது. 5 நிமிட ஆட்டத்தில் கை தானாகப் போய் வெட்டிவிடும். உடனே கறுப்பு ராணி பாய்ந்து வந்து, வெட்டிய குதிரையையும் உங்கள் ராஜா பக்கத்தில் காவலில்லாத ஒரு சிப்பாயையும் சேர்த்துத் தாக்கும். உங்கள் குதிரை இன்னும் உள்ளே புகுந்து, ராணியையும் யானையையும் ஒன்றாகத் தாக்கினால் ஜெயித்துவிட்டோம் என்றே தோன்றும். ஆனால் அந்த ராணி சிப்பாயை வெட்டி உங்கள் யானையை விரட்டும், நடுச் சிப்பாயையும் வெட்டி செக் வைக்கும், பிஷப்பைக் குறுக்கே போடுவீர்கள். ஏழாவது நகர்வில், நடுவில் நின்ற அதே குதிரை வந்து செக்மேட். உங்கள் ராஜா நகர முடியாமல் உங்கள் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கும்.

இதை என்ஜினில் போட்டால் ஐந்தாவது நகர்வைச் சிவப்பாகக் காட்டும். நீங்களும் "சரி, அங்கே குதிரையை உள்ளே விட்டிருக்கக் கூடாது" என்று முடித்துவிடுவீர்கள். எதிராளி சொல்வது வேறு: "சிப்பாயை வெட்டுவீர்களா என்றுதான் காத்திருந்தேன்." உண்மையான பிழை நான்காவது நகர்வில், 'இவர் ஏன் இதைச் சும்மா தருகிறார்?' என்று கேட்காமல் போனதில் இருக்கிறது. நடுவுக்கு வந்த குதிரையை உங்கள் குதிரையால் வெட்டியிருந்தாலே வெள்ளைக்கு நல்ல நிலைதான். இந்த ஒரு கேள்வி ஒவ்வொரு நகர்விலும் தானாக மனதில் எழ ஆரம்பித்தால், உங்கள் ஆட்டம் மாறும்.

பேசி முடித்த பிறகு என்ஜினைத் திறங்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை அது ஓர் எண்ணாகக் காட்டும். 1 என்றால் ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு சாதகம். 0.3, 0.4 வித்தியாசத்தையெல்லாம் உங்கள் நிலையில் பொருட்படுத்தவே வேண்டாம். எண் திடீரெனத் தாவும் ஒரே ஓர் இடத்தைப் பிடித்து, அங்கே இருவரும் எதைக் கவனிக்கவில்லை என்று பாருங்கள்.

ஆள் தேர்வில் ஒரு கணக்கு உதவும். அர்பாத் ஈலோ வகுத்து, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்ட ரேட்டிங் முறைப்படி, உங்களைவிட ரேட்டிங் 100 அதிகமுள்ளவரோடு 100 ஆட்டம் ஆடினால் (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்ற கணக்கில்) உங்களுக்குச் சுமார் 36 புள்ளி கிடைக்கும். 200 அதிகம் என்றால் 24. அதனால் 100, 150 கூடுதல் உள்ளவரைத் தேடுங்கள். நிறையத் தோற்பீர்கள், ஆனால் ஏன் தோற்றோம் என்பது புரிகிற தூரத்தில்தான் அவர் இருப்பார். இன்னொன்று, இரண்டு தளங்களின் ரேட்டிங்கை ஒப்பிட்டு வருந்தாதீர்கள். லிசெஸ் என்ற செஸ் தளம் புதியவரை 1500-இல் தொடங்க வைக்கிறது. வேறு தளத்தில் வேறு அளவுகோல்.

ஓப்பனிங்குக்கு வெள்ளையில் ஒன்று, கறுப்பில் இரண்டு போதும். பஸில் தினமும் பத்து போடுங்கள், ஆனால் கடைசி நகர்வு வரை மனதில் முடித்த பிறகே காயைத் தொடுங்கள். தவறியதை மறுவாரம் திரும்பப் போடுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆட்டம் நடக்கும்போது என்ஜினைப் பார்ப்பது, குழு நண்பரிடம் நகர்வு கேட்பது இரண்டும் ஏமாற்றுதான். நாள்கணக்கில் நடக்கும் ஆட்டங்களில் ஓப்பனிங் புத்தகத்தைப் பார்க்கப் பல தளங்கள் அனுமதிக்கின்றன, என்ஜினை அங்கும் அனுமதிப்பதில்லை. எதிராளி மேல் சந்தேகம் வந்தால் குழுவில் எழுதி அவரை அவமானப்படுத்தாதீர்கள். தளத்தில் புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள்.

5 நிமிட ஆட்டத்தை அடியோடு விடச் சொல்லவில்லை. உங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆடுங்கள். பத்தை மூன்றாகக் குறைத்தால் மற்றதற்கு நேரம் கிடைத்துவிடும். இன்றே குழுவில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "15 நிமிடம், நகர்வுக்கு 10 வினாடி. முடிந்ததும் என்ஜின் இல்லாமல் அரை மணி நேரம் சேர்ந்து பார்க்கலாம். யார் வருகிறீர்கள்?"